ஐந்தாவது வரி

நாலாய் மடித்த இடத்தில்
எட்டாவது நகர்வு கிழிந்திருக்கிறது.
பதினைந்து வயதுக்குட்பட்டோர், நாலாம் சுற்று, மேசை ஒன்பது.
வெள்ளை: ஜெருசா, மன்னார்.
கறுப்பு: நான்.
முடிவு எழுதும் கட்டத்தில் இருப்பது
என் கையெழுத்து மாதிரியே இல்லை.

கொக்குவிலில் ரயில் கடவைக்குப் பக்கத்து வீடு எங்களுடையது.
இரவு ரயில் போனபிறகு
அலுமாரிக் கண்ணாடி கொஞ்சநேரம் நடுங்கும்,
பிறகு அடங்கும்.
செஸ் விரிப்பின் சுருள் எழும்பாமல்
ஒரு மூலையில் விஞ்ஞானப் புத்தகம்,
மற்றதில் கழுவாத தேத்தண்ணிக் கோப்பை.
தொலைந்த கறுப்புச் சிப்பாய்க்குப் பதில்
பற்பசை மூடி.

ஈ நாலு. ஈ ஐந்து.
இரண்டு பக்கமும் குதிரை.
அவளுடைய மந்திரி சீ நாலில் வந்து நின்று
அரசனைத் தவிர வேறு காவலில்லாத என் சிப்பாயைப்
பார்த்தும் பாராததுபோல் இருக்கிறது.
நான் மற்றக் குதிரையை எடுத்தேன்.
அவள் குதிரை ஜீ ஐந்துக்குப் பாய்ந்தது.
நான் டீ ஐந்து. அவள் வெட்டினாள்.
இதுவரை எல்லாரும் வருகிற தெரு.

ஐந்தாவது வரியில்
நான் திருப்பி வெட்டினேன்.
பக்கத்தில், மணிக்கூட்டைப் பார்த்துச் சின்னதாய் எழுதியது:
ஒன்பது விநாடி.

கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்:
வெட்டாதே. குதிரையை ஓரத்துக்குக் கொண்டுபோ. ஏ ஐந்து.
ஒரு சிப்பாய் போகும். போகட்டும்.
ஓரத்துக் குதிரை நொண்டிக் குதிரை என்று
முதல் வாரமே பாடமாக்கியவள் நான்.
இந்த ஒரு இடத்தில்
ஓரத்தில்தான் அதற்கு நாலு காலும் இருக்கிறது.

எதிரே தம்பி நிரோஜன், ஜெருசாவாக.
பத்து வயது. கூலி ஒரு ரோல்ஸ்.
ஆறாவது வரியில் வெள்ளைக் குதிரை
எஃப் ஏழில் போய்த் தன்னைக் கொடுக்கிறது.
"விசரே இவளுக்கு? சும்மா குடுக்கிறாள்."
"பாடமாக்கிக்கொண்டு வந்தவள்" என்றேன்.
ஐந்து மாதமாய் எல்லாரிடமும் சொன்னதும் அதுதான்:
அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவன் தாளை இழுத்து விரலை ஊன்றினான்.
"அப்ப இதென்ன, இருபத்து மூண்டு நிமிசம்?"

நான் எழுதியதுதான்.
அவளுடைய ஆறாவது நகர்வுக்குப் பக்கத்தில், என் பேனையால்.

மண்டபத்து மின்விசிறி தாளைத் தூக்கத் தூக்க
அவள் தண்ணீர்ப் போத்தலை அதன்மேல் வைத்தாள்.
இரண்டு தரம் குதிரையிடம் போன கையைத்
திருப்பியெடுத்துத் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் இருந்தாள்.
நான் எழும்பிப்போய்ப் பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
வரிசையை மறந்துபோனாள் என்று நினைத்தேன்.
இடைவேளையில் சோடா வாங்கலாமா என்றும்.

பாடமாக்கியவள் இவ்வளவு நேரம் இருக்கமாட்டாள்.
எத்தனையோ பேர் நடந்து தேய்ந்த வழி அது;
அவளுக்கு அன்று காடு.
அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடியே
வெட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.
பிறகு ராணி செக்.
என் அரசன் ஈ ஆறுக்கு நடக்கிறான்,
நடுவெயிலில், குடையும் இல்லாமல்.

கிழிந்த எட்டாவது நகர்வுக்குமேல்
ஒட்டுநாடா ஒட்டினேன்.
சிவப்பு எழுத்தின் கீழே எதையோ எழுதப்போய்
"ஒன்பது" என்று மட்டும் எழுதி மூடினேன்.

காய்களைத் திரும்ப அடுக்கினோம்.
ஈ நாலு, ஈ ஐந்து, குதிரை, குதிரை,
மந்திரி, குதிரை, பாய்ச்சல், பற்பசை மூடி,
வெட்டு.
இப்போது ஐந்தாவது வரி.
விடை எனக்குத் தெரியும்.

"போடன் அக்கா, நித்திரை வருது."

கையைத் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் இருக்கிறேன்.

"பொறு."